கடிதம் வரும் வரை



சில வாரங்களுக்கு முன்பு, பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேன் ஏறிய பிறகு, வாயிற்கதவருகே ஒரு தாய் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. காலில் இன்னும் ரப்பர் சப்பாத்து. பக்கத்தில் அவர் மகள், தலையைக் குனிந்தபடி நின்றாள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். என் வகுப்பில் படித்தவள்தான். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவள்.

"டீச்சர், ஒங்களப் பாத்துத்தான் இவ டீச்சரா வரணும்னு படிச்சா. படிச்சு முடிச்சு மூணு வருசமாச்சு. இப்ப பாயான் லெப்பாஸ் ஃபெக்டரி பஸ்ஸுல ஷிப்டு வேலைக்குப் போய்ட்டு வர்றா. இவ படிச்சது வீண்தானா, நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்வேன்? "வீண் இல்லை அக்கா" என்று சொல்லி அனுப்பிவிடலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்த்தவில்லை. அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை அவளுக்காகவும், அவளைப் போல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்ற உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பாலிக் புலாவில் குடியிருக்கிறேன். 2014-ஆம் ஆண்டு திறந்த இரண்டாவது பாலத்தில் ஏறி, செபராங் பிறைப் பக்கமுள்ள ஒரு தோட்டப் பள்ளிக்குப் போய் வருகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம். பார்ப்பவர்களுக்கு, "டீச்சருக்கு என்ன குறை?" என்று தோன்றும். ஆனால் இந்த மேசைக்கு வந்து உட்கார எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

எஸ்.பி.எம். முடித்த கையோடு தற்காலிக ஆசிரியையாகப் போனேன். ஒருவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போனால் அவர் இடத்தில் நான். அவர் திரும்பி வந்தால் நான் வீட்டில். இப்படி மூன்று பள்ளிகள். ஒவ்வொரு முறையும் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் மனப்பாடம் ஆகும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். முதல் முறை பதிலே இல்லை. இரண்டாம் முறை நடந்ததுதான் இன்றும் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது.

அது 1998-ஆம் ஆண்டு. வெள்ளியின் மதிப்புச் சரிந்து நாடே கலங்கியிருந்த நேரம். நாங்கள் அப்போது ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் ஏது? தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்த கடிதம் அந்த ஆபீசில் ஒரு மேசையின் இழுப்பறையில் பதினொரு நாள் கிடந்தது. என் கைக்கு வந்தபோது தேர்வு நாள் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

எந்தத் தோட்டம், யார் மேசை என்று சொல்லப் போவதில்லை. அவர் கெட்டவரும் இல்லை. பழைய தபாலுக்குள் கலந்துபோயிற்று, மறந்துவிட்டார். அவருக்கு அது ஒரு காகிதம். எனக்கு அது ஒரு வருடம்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. சான்றிதழ்களை எல்லாம் எடுத்து அடுப்பில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு நாலரைக்குப் பெரட்டு. எனக்கு வெட்டு இருக்கு. நீ எந்திரிச்சு தம்பிக்குப் பசியாற போட்டுக் குடு" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு புரிந்தது. மழை பெய்து வெட்டு இல்லாத நாளும் அம்மாவுக்கு உண்டு. அன்று கூலி இல்லை. அதற்காக அம்மா மரத்தையும் திட்டியதில்லை, கத்தியையும் தூக்கி எறிந்ததில்லை. மறுநாளைக்காகக் கத்தியைத் தீட்டி வைப்பார்.

வாசகர்களே, வேலை தேடும் பிள்ளையை முதலில் அரிப்பது பணக்கஷ்டம் அல்ல. "நான் தகுதியில்லாதவள் போலிருக்கிறது" என்ற எண்ணம்தான். அந்த எண்ணம் சரிதானா என்று கொஞ்சம் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதன்முறையாக ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர் மட்டுமே. மற்ற அத்தனை பேரும் மக்குகளா? 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடியும் தேர்வு வைத்தபோது தேறியவர்கள் பல மடங்கு கூடினார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய மூளை வளர்ந்துவிடவில்லை. மாறியது கடிகாரம்தான். அதற்குப் பிறகும் தேறிய எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. 2013-இல் தேறியவர்கள் ஆண்டுக் கணக்காய்ச் சென்னையில் போராட வேண்டியிருந்தது.

இலங்கை மலையகத்திலும் இதே பாடுதான். தோட்டப் பாடசாலைகளுக்கு "ஆசிரிய உதவியாளர்" என்ற பெயரில் இளைஞர்களைச் சேர்த்தார்கள். சொற்பக் கொடுப்பனவோடு முழு ஆசிரியரின் வேலையைச் செய்துகொண்டு, நிரந்தர நியமனத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். நம்மைப் போலவே தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகள்தான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2030-ஆம் ஆண்டுக்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 இலட்சம் ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ நிறுவனம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு பக்கம் ஆசிரியர் பஞ்சம், மறுபக்கம் படித்த ஆசிரியர் வீட்டில் இருப்பு. இது எப்படி?

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஆசிரியர் வேலை என்பது ஆள் நன்றாக இருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்துக் கொடுப்பது அல்ல. எத்தனை பதவிகளுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியது, எத்தனை பேர் ஓய்வு பெற்றார்கள், எந்தப் பாடத்துக்கு ஆள் குறைவு, எந்த மாநிலத்தில் காலியிடம் என்ற எல்லாம் சேர்ந்துதான் ஒரு நாற்காலி உருவாகிறது. அதிலும் தமிழ்ப்பள்ளியின் கதை தனி. 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை நம் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிகள் வந்தன. சுதந்திரம் கிடைத்த 1957-இல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் நம்மிடையே நிறைய உண்டு. வகுப்பு குறைந்தால் ஆசிரியர் இடமும் குறையும். உன் ஊர்ப் பள்ளியில் இடம் இல்லாமல் போனதற்கு உன் தகுதி காரணம் அல்ல, தங்கையே. லயம் காலியானதுதான் காரணம்.

அதே சமயம் கதவு திடீரென்று திறப்பதும் உண்டு. 2021-ஆம் ஆண்டு கல்வி அமைச்சு ஒரே தடவையாக 18,702 ஆசிரியர்களை எடுப்பதாக அறிவித்தது. அதற்கு முந்தைய மாதம்வரை, "இனி எங்கே ஆள் எடுக்கப் போகிறார்கள்" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்தாம் நாம். காகிதங்களைத் தயாராக வைத்திருந்தவர்கள் அன்றே விண்ணப்பித்தார்கள். "பட்டச் சான்றிதழ் பாட்டி வீட்டில் இருக்கிறது" என்றவர்கள் தேடி அலைந்தார்கள்.

ஆகவே காத்திருப்பதையும் ஒரு வேலையாகச் செய்ய வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, விலாசம். என் கடிதம் இழுப்பறையில் கிடந்து கெட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த இழுப்பறை வேறு உருவத்தில் வருகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை கைப்பேசி எண்ணை மாற்றுகிறார்கள். விண்ணப்பத்தில் பழைய எண். அழைப்பு யாருக்கோ போகிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் எண்ணை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அன்றைக்கே பதிவிலும் மாற்றிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்.

இரண்டு, கோப்பு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எஸ்.பி.எம்., பட்டம், தற்காலிகமாக வேலை செய்த பள்ளிகளின் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்திய நகல் எடுத்து, மழை படாத உறையில் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். அந்த இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று, பாதை. ஆசிரியராவதற்கு ஒரு வழிதான் என்று நினைக்க வேண்டாம். எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் அதற்கு 27 வளாகங்கள் இருக்கின்றன. நம் பினாங்கு மாநிலத்திலேயே இரண்டு உண்டு. தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு, அடித்தளக் கல்வி, பிறகு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு என்று அது போகும். பல்கலைக்கழகம் வழியாகவும் வரலாம். வேறு பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கல்வித்துறைச் சான்று பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நிபந்தனை மாறக்கூடும். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாமல், அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். மகன் படிக்கும்போது தகப்பனாரும் பக்கத்தில் உட்காருங்கள்.

நான்கு, இடம். "பினாங்கிலேயே வேண்டும்" என்று பலர் கேட்கிறார்கள். ஜொகூருக்குப் போடுவார்கள், பகாங்குக்குப் போடுவார்கள். மற்றப் பாடப்பிரிவுக்காரர்களைக் கடல் தாண்டி சபாவுக்கும் சரவாக்குக்கும்கூட அனுப்புவார்கள். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று தாய்மார்கள் கலங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் கலக்கத்தை நியமனக் கடிதம் வந்த பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

ஐந்து, தரகர். இதை அழுத்திச் சொல்கிறேன். "எனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும், ஐயாயிரம் வெள்ளி கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். நியமனம் கல்விச் சேவை ஆணையத்தின் கையில் இருக்கிறது. அதைக் கடையில் விற்பதில்லை. தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த குடும்பம் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வேலை போனதோடு, அம்மா முகத்தைப் பார்க்கும் தைரியமும் போயிற்று.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாலையில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது தினமும் எழுதும் ஒரு பரீட்சை. தினமும் அதில் அவள் தோற்கிறாள். கேட்பதை நிறுத்துங்கள். வந்தால் அவளே ஓடி வந்து சொல்லமாட்டாளா? அதேபோல் கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், "இன்னும் சும்மாதான் இருக்காளா?" என்று உறவினர் கேட்டால், பதிலை அவளிடம் விடாமல் நீங்களே சொல்லுங்கள். "சும்மா இல்லை, வேலைக்குப் போகிறாள். ஆசிரியர் வேலைக்கும் போட்டிருக்கிறாள்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். ஃபெக்டரி வேலை கேவலம் இல்லை. நாம் வெட்டிய பால்தானே நம்மைப் படிக்க வைத்தது.

பிள்ளை ஒரேயடியாகப் பேச்சைக் குறைத்து, சாப்பாடு தூக்கம் கெட்டு, "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரி ஒரு சொல் சொன்னால், அதைக் கோபத்தில் சொன்னதாகத் தள்ளிவிடாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். மனம் விட்டுப் பேசுவதற்கு என்றே பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வெட்கப்படுகிறோமா?

அந்தக் கடிதம் தவறிய பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. ஒரு வாரம் அழுதேன். பிறகு லயத்துப் பிள்ளைகள் நான்கு பேரை வாசலில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். நான்கு பேர் பன்னிரண்டு பேரானார்கள். பாய் பற்றவில்லை என்று கோயில் மண்டபத்துக்குப் போனோம். ஒரு பள்ளி நோட்டில் தினமும் யார் வந்தார்கள், யாருக்கு எந்த எழுத்து வரவில்லை என்று எழுதி வைத்தேன். அடுத்த முறை நேர்முகத் தேர்வில், "இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். அந்த நோட்டை எடுத்துக் காட்டினேன்.

அந்த நோட்டால்தான் இடம் கிடைத்தது என்று சொன்னால் பொய். அந்த ஆண்டு ஆள் தேவை கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். அறைக்குள் போகும்போது நான் வேலை கேட்டு வந்தவளாகப் போகவில்லை. வேலையைச் செய்துகொண்டிருப்பவளாகப் போனேன். பேசும்போது குரல் நடுங்கவில்லை.

இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் கடைசியில் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. என்னோடு அலைந்த இரண்டு தோழிகளுக்குக் கிடைக்கவே இல்லை. ஒருத்தி பாலர் பள்ளி நடத்துகிறாள். இன்னொருத்தி கணக்கு எழுதப் போய், இன்று அந்த அலுவலகத்துக்கே பொறுப்பாக இருக்கிறாள். எத்தனை ஆண்டு முயல்வது என்று நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்து வேறு பாதையில் போனால் அது தோல்வி அல்ல. தீர்மானித்து ஒரு பாதையை விட்டுப் போவதும், மனம் உடைந்து விழுவதும் ஒன்றல்ல.

என் மாமனார் பாலிக் புலாவ் மலையில் ஒரு துரியான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். துரியானை இங்கே மரத்திலிருந்து யாரும் பறிப்பதில்லை. பழுத்தால் அதுவாக விழும். அது நடுச்சாமத்திலும் விழும், விடியற்காலையிலும் விழும். "அப்படியானால் உங்களுக்கு வேலையே இல்லையே மாமா" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாம்மா, வந்து பாரு" என்று அழைத்துப் போனார். புல் வெட்டியிருந்தார். மரத்தடியில் வலை கட்டியிருந்தார். குடிசையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். "விழுறது அது பாடு. விழும்போது தரை சுத்தமா இருக்கணும், அது நம்ம பாடு" என்றார்.

அந்தத் தாயிடம் இதைத்தான் சொன்னேன். மகளிடம் வேறொன்று கேட்டேன். "சனிக்கிழமை உனக்கு ஷிப்டு இல்லையென்றால் பள்ளிக்கு வா. இரண்டாம் ஆண்டில் ஏழு பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை. எனக்குக் கை பற்றவில்லை" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருந்தாள். கையில் ஒரு புது நோட்டு. ஏழு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். "டீச்சர், இந்தப் பையனுக்கு 'ல'வும் 'ள'வும்தான் குழப்பம். மற்றதெல்லாம் வருது" என்றாள் போகும்போது. நான் இரண்டு மாதமாகக் கண்டுபிடிக்காததை ஒரு காலையில் கண்டுபிடித்துவிட்டாள்.

அவளுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. ஆனால் அந்த ஏழு பிள்ளைகளும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் திருத்தவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை காத்திருந்தால், இன்று இரவு சோறு போடும்போது கேள்வி எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பாலிக் புலாவ்.